ஓம்

பெயரைச் சரியாகச் சொன்னான்,
அதில்தான் விழுந்தேன்.

வுப்பர்டாலில் இருபத்தாறு வருஷமாக
என் பெயர் படாத பாடு படுகிறது.
டொக்டரிடம் போனால் பாதியில் நிறுத்தி இருமுவார்கள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
"ஃபிராவ் கா" என்று கத்தரித்துவிட்டார்கள்,
துவாயில் தொங்கும் நூலைப்போல.
இவனோ ஒரே மூச்சில்
"ஃபிராவ் கனகசூரியம்" என்றான்.
சூவை நீட்ட வேண்டிய அளவுக்கு நீட்டினான்.
எத்தனை தரம் சொல்லிப் பழகினானோ.

"நான் பேசுவது கேட்கிறதா?"
"யா" என்றேன்.

இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல்.
அகதி விசாரணையில்
மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே யா.
மூன்று மாத முற்பணம் கேட்ட வீட்டுக்காரிக்கு யா.
ஞாயிறும் வருவாயா என்றவருக்கு யா.
விளங்கினால் ஒன்று,
விளங்காவிட்டால் இரண்டு.
ஊசி குத்திவிட்டு வலிக்கிறதா என்று கேட்ட தாதிக்கும்
சிரித்துக்கொண்டு யா.

மின்சாரம் விலை ஏறப்போகிறதாம்,
என்னை மட்டும் காப்பாற்ற வந்திருக்கிறானாம்.
மீட்டர் இலக்கம் வேண்டும், சும்மா ஒரு சரிபார்ப்புக்கு.
அடுப்பில் பருப்பு.
போனைத் தோளில் இடுக்கியபடி நிலவறைக்கு இறங்கி,
சைக்கிள்களுக்குப் பின்னால் சிலந்தி வலையை விலக்கி,
ஐந்தையும் நாற்பதையும் இடம் மாற்றாமல் வாசித்தேன்.
"அருமை!" என்றான்.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பருப்பு அடிப்பிடித்தது.

ஒன்பதாம் நாள் கடிதம்.
இரண்டு வருஷ ஒப்பந்தம், மாதம் முப்பத்தொரு யூரோ கூட.
தங்கள் வாய்மொழிச் சம்மதம் எம்மிடம் பதிவில் உள்ளது.

எங்கேயோ ஒரு பெட்டிக்குள்
என் குரல் உட்கார்ந்திருக்கிறது.
என்னிடம் கேட்காத கேள்விகளுக்கெல்லாம்
அது தலையாட்டுகிறது.

ஒருவருக்கும் சொல்லவில்லை.
கடைசியில் இஸ்திரி மேசைக்கு எதிரே நிற்கும்
போலந்துக்காரி டனூட்டாவிடம் வாய் தவறிவிட்டது.
நீராவிக்குள் இருந்து அவள் சொன்னாள்:
"எனக்கு இரண்டு தரம். ஒன்று வைன், மற்றது லொத்தர்."
மறுப்பதற்குப் பதினாலு நாள் உண்டாம்.
அதில் ஏழை நான் வெட்கத்துக்குத் தின்னக் கொடுத்திருந்தேன்.

இடைவேளையில் அழுக்குத்துணிப் பெட்டிமேல் தாளை வைத்து
அவளுடைய பிழையான ஜெர்மனும்
என்னுடைய பிழையான ஜெர்மனும் சேர்ந்து
நேரான ஒரு வசனம் எழுதின:
இதை நான் ஏற்கவில்லை.
பதிவுத் தபால்.
பற்றுச்சீட்டு இன்னும் சீனி டப்பாவுக்குள் இருக்கிறது.

நேற்று மறுபடி மணி.
வேறு குரல், அதே பவ்வியம்.
பெயரில் இம்முறையும் பிசகில்லை.
"நான் பேசுவது கேட்கிறதா?"
பழகிய நாய் வாசலுக்கு ஓடி வருவதுபோல
நாக்கு நுனிக்கு யா வந்துவிட்டது.
உள்ளே போ என்றேன் அதை.
"ஓம்."
"மன்னிக்கவும்?"
"ஓம்."
"மின்சாரக் கட்டணம் உங்கள் பெயரில்தானே?"
"ஓம், ஓம்."
"தயவுசெய்து ஒருமுறை யா என்று சொல்லுங்களேன்."
சொன்னேன்.
பின்னால் ஒரு ர் மட்டும் சேர்த்து.
"யார்?"
பிறகு ஜெர்மனில், வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கவலைப்படாமல்,
எந்த நிறுவனம், எந்தத் தெரு, எழுத்தில் அனுப்பு என்றேன்.
வைத்துவிட்டான்.

மின்வேலை பழகும் என் மகன் அகரன்
வாயில் சோற்றோடு சிரித்தான்.
"அம்மா, எங்கள் வேலையில் ஓம் என்றால் தடை.
மின்சாரம் ஓடுவதை மறிக்கிறதே, அதை அளக்கிற அலகு.
ஓம் கூடக் கூட ஓட்டம் குறையும்."
எனக்கென்ன தெரியும்,
பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை பல் டொக்டரின் காத்திருப்பறை.
வெள்ளைச் சட்டைப் பெண் பட்டியலைப் பார்த்தாள்,
மூச்சை இழுத்தாள்,
"ஃபிராவ் கானாகா... சூ..." என்று
என் பெயரை நடுத்தெருவில் கைவிட்டு
முகம் சிவந்து நின்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.
கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.
"யா" என்றேன், "நான்தான்."