புகார் எண் மூன்று

கண்ணாடிக்குப் பின்னால்
என் கையெழுத்து.
கோபத்தில் வலப்பக்கம் சாய்ந்து,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதிய
என் கையெழுத்தேதான்.
கீழே ஒரு சின்ன அட்டை:
'பெயர் தெரியாத அண்டைவீட்டார், 1991.
காகிதத்தில் நீல மை.'

கீவில் அந்தக் கட்டடத்தைப்
பழுதுபார்க்கவென்று காலிசெய்தபோது
எல்லோருக்கும் டிராம் கடைசி நிறுத்தத்தில் வீடு கிடைத்தது.
என் கோப்பு மட்டும் தொலைந்துபோனது.
இரண்டாம் மாடியில் நான்.
தலைக்கு மேலே மூன்று தளம் இருட்டு.
அக்டோபரில் வந்தார்கள்
மெழுகுவர்த்திகளோடு,
பூட்டிய கதவுகளைத் தோளால் திறந்துகொண்டு.
பதினோரு பேர்.
இல்லை, பதினான்கு. பூனையைச் சேர்க்காமல்.

நான் நீர்வாரியத்தில் மீட்டர் எண் குறிப்பவள்.
எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

புகார் ஒன்று: இரவு இரண்டு மணிக்கு டிரம்,
நாற்பது நிமிடம், தாளம் தப்பித் தப்பி.
புகார் இரண்டு: என் குளியல் தொட்டியின் வடிகாலில்
சிவப்பாய் ஏதோ மேலேறி வந்தது.
கொலை என்று நினைத்துக் காவலரை அழைத்தேன்.
வந்தவர் சாயத்தை முகர்ந்தார்,
ஓர் ஓவியத்தைச் சுருட்டி
அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

மூன்று, இதோ சட்டத்துக்குள்:
"நவம்பர் 17, மாலை ஆறரை.
படிக்கட்டில் மூன்று மீட்டர் நீள மீன் ஒன்று
காயவைக்கப்பட்டிருக்கிறது.
மீனுக்குள் ஓர் அறை. அறையில் நாற்காலி.
நாற்காலியில் யாரும் இல்லை.
உருளைக்கிழங்கு மூட்டையோடு
என்னால் மேலே ஏற முடியவில்லை."

அந்த மீன் இன்று எங்கும் இல்லை.
புகைப்படம்கூடக் கிடையாது என்கிறாள்
கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கும் ஸொரியானா,
அந்த வருடம் பிறந்தேயிராத பெண்.
அப்படி ஓர் ஓவியம் இருந்ததற்கு
இந்தப் புகார் ஒன்றுதான் சாட்சியாம்.
இங்கே பாதிச் சுவர் வெறும் ஆணிகள்.
அசல்களைப் பெட்டியில் அடைத்து
மேற்கே அனுப்பிவிட்டார்கள்.
என் காகிதத்தை யாரும் அனுப்பவில்லை.
அது எரிந்தால் பரவாயில்லை போலும்.

மீனை வரைந்தவன் யாரெமா.
புகாருக்குப் பிறகு ஒரு வாளியோடு வந்து
என் கதவைத் தட்டினான்.
ஒழுகி ஊறிய கூரைக்கு வெள்ளையடித்தான்,
ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு.
ஏன் என்றேன்.
அந்தக் கறை நன்றாக வந்திருக்கிறது,
தொட மனமில்லை என்றான்.
பன்னிரண்டு வருடம்
படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நன்றாகத்தான் வந்திருந்தது.
அவனிடம் சொல்லவில்லை.

கடைசி அறையில் அவன் படம்.
நரைத்த தாடி, தலைக்கவசம்.
பெயருக்குக் கீழே இரண்டு வருடங்கள்;
இரண்டாவதன் மை இன்னும் புதிது.
ஐம்பத்தேழு வயதுக்காரனை
யார் படையில் சேர்த்துக்கொண்டார்கள்?
அதற்கும் எழுதியிருப்பேன்,
எந்த அலுவலகத்துக்கு என்று தெரிந்திருந்தால்.

அப்போது சைரன்.
சலிப்போடு, அவசரமில்லாமல்,
எல்லோரும் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கினோம்.
ஸொரியானா தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றினாள்.
நீங்களும் அவர்களில் ஒருவரா என்றாள்.
இல்லை, என்றேன். நான் கீழ் வீடு.
நனைந்தவள்.

கோப்பை அவள் கையிலேயே நின்றது.
பிறகு மெல்லக் கேட்டாள்:
மீன் என்ன நிறம்?
நீங்கள் நிறத்தை எழுதவேயில்லை.

படிக்கட்டில் பல்பு இல்லை, பெண்ணே.
நான் தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன்.
ஒன்று அணைந்து, இன்னொன்று.
ஐந்து குச்சிகள்.
குச்சிக்குக் குச்சி வேறு நிறம்.
மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு
அந்த நாற்காலியைத்தான்
அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதைப் புகாரில் சேர்க்க முடியுமா?

மேலே வந்ததும் பேனாவை எடுத்தாள்.
அட்டையை மாற்றிவிடுகிறேன்,
உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றாள்.

அது இருக்கட்டும்.
மை நீலமில்லை, ஊதா;
வாரியத்தில் கொடுத்தது.
முதலில் அதைத் திருத்து, என்றேன்.