பதினோரு எழுத்து

ஆறு பாத்தி. ஆறிலும் வெயில் வேலை பார்க்கிறது.
குழம்பாய் இறங்கிய கழிவுக் கசடு
பதினைந்தாம் நாள் வெடித்து
ஓரம் தூக்கிய அப்பளமாய்க் கிடக்கிறது.
நாற்றம் போய்விட்டது,
அதுதான் சிக்கல்.
மூக்குக்குத் தெரிவதை ஊரே பார்த்துக்கொள்ளும்.
மீதிக்கு என்னை வைத்திருக்கிறார்கள்.

கரண்டி, பை, எண் எழுதிய சீட்டு.
அரைத்துச் சலித்து அமிலத்தில் காய்ச்சி
சுடரில் ஊட்டினால்
கருவி ஒரு எண்ணைத் துப்பும்.
காட்மியம்: ஐந்து பாத்தியில் இரண்டு, இரண்டரை.
ஆறாவதில் நாலு புள்ளி எட்டு.
வரம்பு ஐந்து.
பக்கத்திலேயே ஒரு பொடிக் குறிப்பு:
புள்ளி ஆறு கூடலாம், குறையலாம்.

"பாதுகாப்பானதுன்னு ஒரே வார்த்தை போட்டுருங்க மேடம்"
என்றார் பொறியாளர் பிரமநாயகம்.
கெட்ட மனிதர் இல்லை.
பாத்தி காலியானால்தான் அடுத்த குழம்பு இறங்கும்.
திருநெல்வேலி ஒருநாள் குளிக்காமல் இருக்குமா,
ஒருநாள் போகாமல் இருக்குமா?

நொச்சிநேரிச் சமுதாயக் கூடம். மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடியது.
பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று தொடங்கினேன்.
முகங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தன.
ஒரு மூட்டை நெல்லில் மூன்று மணி என்று மாற்றினேன்.
முன்வரிசையில் ஆவுடைத்தங்கம் நிமிர்ந்தாள்.
குத்தகைக்கு எழுபது சென்ட்,
பாதி கீரை, பாதி பிச்சி.
"அந்த மூணும் சாவியா, கல்லா?
சாவின்னா தூத்திருவேன்.
கல்லுன்னா பல்லுல்லா போவும்."
கூடம் சிரித்தது. நான் குறித்துக்கொண்டேன்.
"வருசா வருசம் போட்டா?"
சேரும், என்றேன். மண் அதைத் திருப்பித் தராது.
கீரை இழுக்கும்.
உடனே ஒன்றும் செய்யாது.
இருபது வருஷம் கழித்துச் சிறுநீரகம் கேட்கும்.

அடுத்த தாளைப் புரட்டினேன்.
ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு,
ஆஸ்பத்திரி மாத்திரை, சலவைத்தூள்...
எல்லாவற்றுக்கும் நேராக ஒரே பதில்:
கண்டறியப்படவில்லை.
"இல்லங்கியளா, பாக்கலங்கியளா?"

பதினெட்டு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.
சிலவற்றைத் தேட எங்களிடம் கருவியே கிடையாது.
சிலது இருந்தாலும்
இத்தனைக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு மூடியைப் போட்டுவந்தேன்,
யாரும் திறந்ததில்லை.
அதை அப்படியே சொன்னேன்.
பிரமநாயகம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பின்னால் ஒருவர் எழுந்து போனார்;
கோபமா, பஸ் வந்துவிட்டதா, தெரியவில்லை.

நிலையத்துச் சுவரில் எழுத வந்த செண்பகராமன்
தாளை வாங்கி விரல் விட்டு எண்ணினான்.
"எழுத்துக்கு நாப்பது ரூவா மேடம்.
இல்லைன்னா மூணெழுத்தோட முடிஞ்சிரும்.
நீங்க எழுதுனது பதினொண்ணு.
அதுக்குக் கீழ வேற வால் வச்சிருக்கிய."
வால் இதுதான்:
கீரைக்கும் கிழங்குக்கும் போட வேண்டாம்.
ஆறாம் பாத்தி யாருக்கும் தரப்படாது.
சிலவற்றை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.
கடைசி வரியில் தூரிகை நின்றது.
"இதையுமா?"
"இதையும்."
பாதிச் செலவை அலுவலகம் தரவில்லை. போகட்டும்.

ஆவுடைத்தங்கம் அரை டிராக்டர் எடுத்தாள்,
பிச்சிக்கு மட்டும்.
"வாய்க்கா ஓரமா எறக்கிராத" என்று
சொரிமுத்துவிடம் மூன்று தடவை சொன்னாள்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
நம்பினாளா என்று அளக்க
எந்த அமிலத்தில் காய்ச்சுவது?

இன்று காலை ஆறாம் பாத்தி வெடிப்பில்
தக்காளி நிற்கிறது, இடுப்பு உயரம்.
யாரும் விதைக்கவில்லை.
ஊர் தின்று, கழித்து,
பம்பிலும் தொட்டியிலும் சுற்றி வந்த விதை.
எட்டுப் பழம். என்ன சிவப்பு.
காவல்காரர் மாசானம் கையை நீட்டிவிட்டு
என்னைத் திரும்பிப் பார்க்கிறார்,
"பறிக்கலாமா மேடம்?"

பையை விரித்துப் பிடித்தேன்.
மாதிரி எண் அறுபத்தொன்று.
பொருள் என்ற இடத்தில் தக்காளி என்று எழுத
பேனா கொஞ்சம் நேரம் எடுத்தது.