பதினாறில் ஒன்று

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்:
வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று.
சேர்த்து உருட்டினால் பதினாறு விதம்.
தாயத்துக்கு அதில் இரண்டு வழி.
பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று.
மூன்றுக்குத்தான் நாலு,
யாரும் வேண்டிக்கொள்ளாத மூன்றுக்கு.

திருவொற்றியூர் இரண்டாம் மாடியில்
மணலிச் சுடர் கண்ணாடியில் ஆரஞ்சாய் அசைய
என் எதிராளிக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
நகரக்கூடிய ஒவ்வொரு காய்க்கும் ஒரு கிளை போடு.
கிளை நுனியில் பதினாறையும் உருட்டிப் பார்.
வந்ததையெல்லாம் எடைபோட்டுக் கூட்டு.
காய் வெட்டுப்பட்டால் நாற்பத்தேழு கழி.
மலையேறி உட்கார்ந்தால் பதினொன்று சேர்.

நாற்பத்தேழு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.
அறுபதில் கோழையாக ஆடியது,
முப்பதில் குடித்தவன் மாதிரி.

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக கேட்டுக்கு வரிசைகட்டிய ட்ரெய்லர்களில் ஒன்றில்
இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் செல்லைச் சாய்த்து
கன்னியப்பன் ஆடினார்.
பதின்மூன்று ஆட்டம். பதினொன்று தோல்வி.
குரல் பதிவு வந்தது, பின்னால் ஹாரன்களோடு:
“இன்னாமா உன் மிஷினு, கட்டைய அமுக்கி உருட்டுது.
அதுக்கு ஒம்போது வாட்டி பன்னெண்டு. எனுக்கு ரெண்டு.
எய்தி வெச்சிருக்கேன், பாரு.”
சரக்கு ரசீதின் முதுகில் கோடு கோடாய்க் கணக்கு,
டீ வட்டம் ஒன்று அதன்மேல்.

அன்றிரவு பத்து லட்சம் முறை உருட்டவிட்டேன்.
பன்னிரண்டு விழுந்தது
அறுபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு.
பதினாறில் ஒன்றுக்கு ஒரு கைப்பிடி குறைவு, அவ்வளவுதான்.
அனுப்பினேன்.
பதில் உடனே:
“பத்து லட்சம் ஆடுறவன்கிட்ட போய்ச் சொல்லு.
நான் ஆடுனது பதிமூணு.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றும் இல்லை.

ஜெயசீலன் அலுவலகத்தில் எளிய வழி சொன்னார்:
முதல் உருட்டலிலேயே ஆளுக்குத் தாயம் கொடுத்துவிடு,
தோற்கப்போகிறான் என்றால் ஒரு ஆறு தள்ளு,
யாருக்குத் தெரியப்போகிறது?
ரசீதின் முதுகில் கோடு போடுகிறவருக்குத் தெரியும்.
நல்லதற்கு அமுக்கினாலும் அமுக்கியது அமுக்கியதுதான்.

கட்டையைத் தொடவில்லை. மூளையைத் தொட்டேன்.
ஐந்து நகர்வுக்கு ஒன்றில்
அது மூக்கு நுனியை மட்டும் பார்க்கும்.
அப்புறம் ஒரு பொய், ஒன்றே ஒன்று:
மூன்று மில்லிசெகண்டில் முடித்துவிடும் கணக்கை
ஒன்றரை நொடி கையில் வைத்திருக்கச் சொன்னேன்,
காயைத் தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல.

கன்னியப்பன்: “இப்பதான் மனுசனாட்டம் கீது.
பயப்புடுது பாரு.”
அவர் அன்றும் தோற்றார். திட்டவில்லை.
எனக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
உண்மையான கட்டையை நம்பாதவர்
பொய்யான தயக்கத்தை நம்பினார்.

மார்கழியில் ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டினேன்.
விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
நாற்பத்தொரு ஆட்டம் ஒரே நிமிடத்தில் அறுந்திருந்தது.
சர்வர் விழுந்ததென்று பதறித் தேடினேன்.
சர்வருக்கு ஒன்றுமில்லை.
கேட் திறந்திருந்தது.

ஒருவர் பழம் எடுக்க இன்னும் ஒரே ஒரு தாயம்.
ஒருவருக்குப் பன்னிரண்டு விழுந்து
காய் நகர்த்தப்படாமல் கிடந்தது.
பதினாறில் ஒன்று. போட்டுவிட்டுப் போயிருந்தார்,
கியர் விழும் சத்தம் எனக்குக் கேட்டதுபோல் இருந்தது.

அந்த ஆட்டங்களை மூட ஒரு விதி எழுத வேண்டும்.
எத்தனை மணி நேரம் போனால் தோல்வி,
யாருக்குத் தோல்வி.
இன்னும் எழுதவில்லை.
நாற்பத்தொரு பலகையிலும் என் எதிராளி
யோசிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறது.