மங்கு

காலையில் மான்குர்த் பக்கம், கிழக்கே.
மாலையில் சயான் பக்கம், மேற்கே.
பதினோரு வருஷமாக இரண்டு வேளையும்
வெயிலைப் பார்த்தபடியேதான் ஆட்டோ ஓட்டுகிறேன்.
சயானைத் தாண்டி ஆட்டோ போகக் கூடாது.
வெயிலுக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை.

பேட்ஜ் புதுப்பிக்க வடாலா போனபோது
குமாஸ்தா பழைய போட்டோவைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"தங்கச்சியா இது?" என்றான்.

மூக்கின் மேல் தொடங்கி
இரண்டு கன்னத்திலும் இறங்கி
மேலுதட்டில் மீசை போல நின்றது.
செம்பூர் கேம்ப் மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள்,
சீட்டு கேட்கவில்லை.
பத்தே நாளில் வெளுத்தேன்.
ஸ்டாண்டில் ஷாயிஸ்தா கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள்.
ஆறாம் மாதம் அடுப்பருகே போனாலே முகம் எரிந்தது.
தாடையில் முடி. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு.
நிறுத்தினால் பழையது திரும்பி வந்தது,
வட்டியோடு.

சயான் ஆஸ்பத்திரி, டோக்கன் எண்பத்தேழு.
டாக்டர் கேல்கர் என் முகத்தருகே விளக்கைப் பிடித்து
"வாங்" என்றார்.
யாரை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.
மராத்தியில் இதன் பெயரே அதுவாம்.
நாங்கள் மங்கு என்போம்.
பெயருக்குத்தான் மங்கு,
மங்குகிற வழியைக் காணோம்.

"எப்போது வந்தது?"
வெயில் என்று சொல்லியிருக்கலாம்.
பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்றேன்.
"பிள்ளைக்கு இப்போது என்ன வயது?"

ஐந்தாம் மாதம் அது போய்விட்டது.
அது கொண்டுவந்த நிறம் மட்டும் தங்கிவிட்டது.

கேல்கர் எழுதுவதை நிறுத்தினார்.
பிறகு எழுதினார்.
அந்த ட்யூபை இனித் தொடாதே.
வெயிலுக்கு இந்தக் களிம்பு, இரண்டு விரல் நீளம்,
மூன்று மணிக்கொரு தரம், மழை பெய்தாலும்.
இரவில் இது, பட்டாணி அளவு,
எப்போது நிறுத்துவது என்று நான் சொல்வேன்.
குறையும்.
முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

முழுசாகப் போகத்தான் வேண்டுமா
என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இன்று மதியம் தேவ்னார் சிக்னலில்
கண்ணாடியைத் திருப்பிக்
களிம்பு பூசிக்கொண்டிருந்தேன்.
பின்சீட்டில் கண்வரை துப்பட்டா சுற்றிய பெண்
முன்னால் குனிந்தாள்.
"அது என்ன ட்யூப், தீதி?"
தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்.
அதே செம்பூர் சரக்கு,
பாதிக்கு மேல் பிதுக்கியிருந்தது.

சிக்னல் விழுந்தது. ஓரம் கட்டினேன்.
செவ்வாய்க்கிழமை போ என்றேன்,
எட்டு மணிக்கே டோக்கன் முடிந்துவிடும்.
இந்த ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டு, மறைக்காதே.

எப்படிப் போவது என்றாள்.

சயான் வரை ஆட்டோ போகும்.