ஐம்பத்தெட்டு டிகிரி

ஓய்வூதிய அலுவலகத்தின் பின்முற்றத்தில்
சைக்கிள் கொட்டகையை ஒட்டி
சுல்மா மூன்று மரப்பெட்டிகளை இறக்கிவைத்தபோது
பைசாந்து நகரமே சிரித்தது.
நகரம் என்றால் நாங்கள் பதினோரு பேர்,
பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்,
அவருடைய நாய்.

அட்டையில் எழுதி ஆணியடித்தாள்:
எலும்பு போடாதே. எண்ணெய் போடாதே.
காகிதமென்றால் பின்னைக் கழற்றிவிட்டுப் போடு.

முதல் வாரமே எல்பியோ
ஞாயிற்றுக்கிழமை சுட்ட விலா எலும்பைப் போட்டான்.
நாய் அட்டையைப் படிக்கவில்லை,
காற்றைப் படித்தது.

எங்களிடம் இருந்ததெல்லாம் ஈரம்.
உருகுவேயில் வெறுங்கையோடு வேலைக்கு வருபவர் யார்?
அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் சுரைக்குடுக்கை,
குடுக்கைக்குள் மாத்தே இலை, அதில் செருகிய உலோகக் குழல்.
உறிஞ்சி உறிஞ்சி
மதியத்துக்குள் பதினோரு குடுக்கையும் சப்பென்றாகிவிடும்.
கவிழ்த்துத் தட்டினால் தொப்பென்று விழும் பச்சைச் சேறு.
அதன்மேல் ஆப்பிள் தோல், மிர்த்தாவின் பூசணிக் குடல்,
வாசல் தரையில் வெட்டிய புல்.

ஜூனில் நாறியது.
பூச்சாடித் தண்ணீரை ஒரு மாதம் மறந்தால் வருமே,
அந்த நாற்றம்.
முடிதிருத்துபவர் சாட்சிக்கு
பாதிக் கன்னம் மழித்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.
இயக்குநர் சுற்றறிக்கை விட்டார்:
வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்தவும்.
மூன்று நகல். பச்சை மையில் கையொப்பம்.

சுல்மா அதைத் தடவிப் பார்த்தாள்.
“காய்ந்தது,” என்றாள். “இதுதான் நம்மிடம் இல்லை.”

கீழ்த்தளத்தில் காகிதம் கிழிக்கும் இயந்திரம்.
பத்தாண்டு தாண்டிய கோப்புகளை அதற்கு ஊட்டுவது என் வேலை.
அவற்றின் நெற்றியில் ஒரு காலத்தில்
‘நிராகரிக்கப்பட்டது’ என்று குத்தியதும்
நான்தான்.

நான்கு மூட்டை சுமந்து வந்தோம்.
சேமியா மாதிரி காகித இழைகள்,
ஒவ்வோர் இழையிலும் யாருடைய பெயரிலிருந்தோ
ஒன்றரை எழுத்து.
ஒரு வரிசை சேறு, ஒரு வரிசை காகிதம்,
முள்கரண்டியால் புரட்டிப் புரட்டி.
என் முத்திரையின் சிவப்பு அங்கங்கே தெரிந்தது,
வெட்டுக்காயம் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை. மை, அவ்வளவுதான்.

வியாழன் காலை மூடியைத் திறந்தோம்.
ஆவி.
எல்பியோ தன் இறைச்சி வெப்பமானியைக் கொண்டுவந்து குத்தினான்,
அதுவரை செய்த பாவத்துக்கு.
ஐம்பத்தெட்டு.
இன்னும் இரண்டு டிகிரி ஏறினால்
மாட்டுத்தொடை பதமாகும் என்றான்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார்.
ஜூலைக் குளிர், நதிப்பக்கமிருந்து காற்று.
ஒன்றும் பேசவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றினார்,
பிறகு மற்றதையும்.

இங்கே முடித்திருப்பேன்.
ஆனால் செவ்வாயன்று கவுண்டருக்கு ஒருவர் வந்தார்.
பேர் அனிபல் ஃபெரேய்ரா,
மூடிப்போன இறைச்சி ஆலையில் எலும்பு அறுத்தவர்,
வலது கையில் இரண்டு விரல் இல்லை.
தன் பழைய விண்ணப்பத்தைப் பார்க்கவேண்டும் என்றார்,
பதினொரு வருடம் முன்பு கொடுத்தது,
அதில் ஆலை மருத்துவரின் கடிதம் ஒன்று இருந்ததாம்.

விதிப்படி அழிக்கப்பட்டது என்றேன்.
அவருக்குப் பின்னால் ஜன்னல்.
ஜன்னலுக்குப் பின்னால் பெட்டி புகைந்துகொண்டிருந்தது.

“அழிப்பதென்றால் எரிப்பீர்களா?”
இல்லை என்றேன்.
அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

புதிய படிவம் எடுத்தேன்.
இடது கையால் அவர் மெதுவாக எழுதினார்,
நான் மாத்தே ஊற்றி நீட்டினேன், குடித்தார்,
மறுபடி ஊற்றினேன்.
மருத்துவர் பெயர் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.
முதல் எழுத்து மட்டும், என்றார்.

அன்று மாலை குடுக்கையைக் கவிழ்க்கப் போனவன்
வெறுங்கையால் குவியலைக் கிளறினேன்.
சுட்டது.
கிடைத்ததெல்லாம் கறுத்து, குழைந்து,
எந்த எழுத்தும் எவருடையதும் இல்லாமல்.

சுற்றறிக்கை இன்னும் பலகையில் தொங்குகிறது.
ஃபெரேய்ராவின் படிவம் என் மேசையில்.
முத்திரை இழுப்பறையில்.