சரிசெய்த விலை

ஔலு.
ஔடதம் தவிர வேறெதற்கும் அதிகம் உதவாத எழுத்து
பின்லாந்தின் வடக்கே ஓர் ஊருக்கு
முதலெழுத்தாக வாய்த்திருக்கிறது.
ஜூன் மாதம், இரவு ஒரு மணி.
இருட்டுவதாக இல்லை.

சமையலறை மேசையில் இர்யா
ஒரே ஒரு பங்கைத் திறந்து வைத்திருக்கிறாள்.
வால்வு செய்யும் கம்பெனி.
இருபத்தோரு வருடம்,
ஐயாயிரத்து இருநூற்று எழுபத்து நான்கு நாள்.
நாளுக்கொரு வரிசை:
தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு, கைமாறிய எண்ணிக்கை.

வக்கீல் கேட்டது ஒரே ஒரு தேதி.
நானூறு பங்கும் இர்யாவுக்கு,
பாதிப் பணம் தௌனோவுக்கு.
எந்த நாள் விலைக்கு என்பதை
இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் போதும்.
பங்கு கேட்பவனைப் பங்காளி என்றே அழைக்கும்
மொழியொன்று உண்டென்று
அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

இன்றைய விலையை நேற்றையதால் வகுத்துக்கொண்டே போனாள்.
அரை சதவீதம் மேலே. ஒன்றே கால் கீழே.
பஸ் டிப்போவில் முப்பது வருடம்
தாமதங்களைக் கூட்டி எழுதிய கை.
சராசரியைக் கழி, மிச்சத்தை வர்க்கமாக்கு.
வர்க்கமாக்கியதும்
கழித்தல் குறி உதிர்ந்துவிடுகிறது.
விழுந்த நாளும் எழுந்த நாளும்
ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன.
எவ்வளவு ஆடியது என்பதுதான் பேச்சு;
எந்தப் பக்கம் என்று கணக்கு கேட்பதில்லை.

ஆட்டம் தனியாக வருவதில்லை.
ஒரு பெரிய நாளுக்குப் பின்னால்
நாலைந்து பெரிய நாள், சொந்தக்காரர்கள்போல.
அமைதி வந்தாலோ
மாதக்கணக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது.
இதைப் படித்தபோது மட்டும்
இர்யா ஆமாம் என்றாள், சத்தமாகவே.

2013 ஏப்ரலில் ஒரு பிளவு:
ஒரு பங்கு இரண்டானது.
அதற்கு முந்தைய விலைகளை எல்லாம்
பின்னோக்கிப் பாதியாக்கியிருக்கிறார்கள்,
கோடு ஒடியாமல் இருக்க.
சரிசெய்த விலை என்று தலைப்பு.
இருபது யூரோவுக்கு வாங்கியது அவளுக்கு நினைவிருக்கிறது,
சீட்டும் இருக்கிறது டிராயரில்.
பட்டியலோ பத்து என்கிறது.
வாங்கிவிட்டுத் திரும்பும்போது பனியில் கார் நின்றுபோக
கையுறை இல்லாமல் தள்ளினான் தௌனோ, சிரித்துக்கொண்டே.
அதை எதனால் வகுப்பது?

டிப்போ இலவசமாகத் தந்த நாட்காட்டிகள்
ஒன்றையும் அவள் வீசவில்லை.
பேசாமலிருந்த நாட்களுக்குப் பென்சிலில்
சின்னதாக ஒரு பெருக்கல் குறி.
அவற்றையும் பக்கத்து நிரலில் ஏற்றினாள்.
குறி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம்.
ஒட்டுறவைக் கணக்கிடச் சொன்னாள்.
புள்ளி சுழியம் இரண்டு.
ஒட்டும் இல்லை,
உறவும் இல்லை.

பதினோரு சதவீதம் விழுந்த அன்று
வீட்டில் சால்மன் சூப், நல்ல தூக்கம்.
தட்டு சுவரில் பட்டு உடைந்த அன்று
விலை அசையவே இல்லை.
இல்லை, இரு,
அன்று ஞாயிறு. வரிசையே கிடையாது.
மறுபடி தேடினாள்.
ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியது ஒரு சனி.
பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் இறங்கியது
போன வருடத்து நடுக்கோடை விடுமுறை.
வெள்ளியின் முடிவுக்கும்
திங்களின் தொடக்கத்துக்கும் நடுவே
ஒரு மெல்லிய கட்டக்கோடு.
அவ்வளவுதான் இடம்.

வக்கீலுக்கு எழுதினாள், தௌனோவுக்கும் ஒரு பிரதி:
பிப்ரவரி 13, செவ்வாய்.
அன்றைய மாற்றம் சுழியம்.
கைமாறியவை எண்ணூற்றிருபது.
அன்று என்ன செய்தோம் என்று
எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை அவளுக்கு.
அதனால்தான் அந்த நாள்.
இதை எழுதவில்லை.

மூன்று மணி.
மறைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே
சூரியன் எழுந்துகொண்டிருக்கிறது.
ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது,
தௌனோவிடமிருந்து பதில்: சரி.

சந்தை திறக்க
இன்னும் ஏழு மணி நேரம்.