ஓர் அசை முன்னால்

அபர்டீன் துறைமுகத்தில் மீன் உரிக்கிறவள் ஸ்டமாட்டா.
வாலருகே ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு நெம்பு, ஒரே இழு:
ஹேடக்கின் தோல் ஈரக் காலுறைபோல் கழன்று வரும்.
மணிக்குத் தொண்ணூறு மீன்.
இப்போது அறுபது.

குளிரில் விரல்நுனி வெளுத்தது,
நீலம் பாரித்தது,
அப்புறம் நெருப்புப் பட்டதாய்ச் சிவந்தது.
நவம்பரில் மோதிரம் கழலவில்லை.
ஜனவரியில் முஷ்டி மூடவில்லை.

ஆஸ்பத்திரியில், கையிலிருந்த இங்கிலீஷைத் திரட்டி
இரண்டே வார்த்தை சொன்னாள்:
கெட்டி. தோல்.
எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து குப்பி ரத்தம். பயறளவு சதை.
சுவரெல்லாம் அவள் வீட்டுச் சொற்கள்:
தோலுக்கு மேலே என்றொரு படம்,
தோலுக்குக் கீழே என்றொரு ஊசிப்பெட்டி,
கதவில், தோலைப் பற்றிப் பேசுகிறவர்.
கவலா கடைத்தெருவில் செருப்புக்கடைப் பலகையிலும்
இதே சொல்தான். அசல் தோல், பேரம் கிடையாது.
இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கிறது,
சொந்த ஊர்க்காரியைத் தெரியாத மாதிரி.

பதினோரு வாரம் கழித்து
டாக்டர் ரூரி கெடஸ் நாற்காலியை அருகே இழுத்தான்.
கெட்ட சேதி சொல்லிப் பழகாத வயசு.
"பேர்தான் நீளம், பயப்படாதீங்க."
ஸ்க்ளீரோ,
டெர்மா.

அவள் மிச்சத்துக்குக் காத்திருந்தாள்.
மிச்சம் இல்லை.

முதல் பாதி: நேற்றைய ரொட்டி, இரங்காத மனசு.
பின் பாதி: தோல்.
"கெட்டித்தோல்," என்றாள்.
"அதைத்தானே நான் சொன்னேன்?"

கோப்பைப் புரட்டினான்.
முதல் தாள், முதல் வரி, ஏதோ நர்ஸின் சாய்ந்த எழுத்தில்
அவள் சொன்ன அதே இரண்டு.
செம்பட்டைத் தலைக்காரன், காது வரை சிவந்தான்.
"உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"
"ஸ்க்ளிரோதெர்மா."
அழுத்தம் ஓர் அசை முன்னால்.
சொல்லிப் பார்த்தான். தப்பு. மறுபடியும்.

தெர்மாவுக்கு அடியில் ஒரு வினை கிடக்கிறது,
அதை அவள் சொல்லவில்லை: உரி.
யானையை உரித்துப் போர்த்தவனைப் பாடும் நம் மொழியிலும்
உரித்தது உரி.
உடம்போடு இருந்தவரை
அதை யார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

"இதை உரிக்க முடியாதா?" என்று கேட்டாள்.
அவன் தலையசைத்தான்.
ஆம் பக்கமா, இல்லை பக்கமா, புரியவில்லை.

வெளியே சாய்மழை.
பேருந்து நிறுத்தத்தில் கையுறையை எடுத்து
ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளினாள்,
கட்டைவிரல் கடைசியில்.
கவலாவில் வாங்கியது.
அசல் தெர்மா. இன்னும் மெதுவாகவே இருக்கிறது.